அட்டை அவித்த வீடு

ஏற்றுமதிப் பொருள்கள் பலவிதமானால் ஏழை நாடுகளின் வறுமை குறையும் என்று கூட்டங்களில் பேசிச் சோடா குடிப்பவன் நான். இதே ஆள்தான் சிறுவயதில், எங்கள் வீட்டு ஏற்றுமதி அடியோடு படுத்துவிட வேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவன். அதுவும் யாரோ பாதி எரித்து விட்டுப்போன திரி.

குருநகரில் எங்கள் தெரு முழுவதும் அப்போது இறாலை நம்பியிருந்தது. கொம்பனி லொறி வரும், இறால் கடல் கடந்து போகும், பெருநாளுக்குப் புதுச்சட்டை வரும். ஒரு பருவத்தில் வெளிநாட்டில் யாரோ இறால் வேண்டாம் என்றுவிட்டார்கள். லொறி வரவில்லை. மூன்று நேரமும் நாங்களே இறால் தின்றோம். அவ்வளவு ஆடம்பரமான வறுமையை நான் பிறகு எந்த அறிக்கையிலும் வாசித்ததில்லை. அப்பா தவணைக்கு வாங்கிய வள்ளத்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போக மாதமுடிவில் ஆள் வருவதாக இருந்தது. எஞ்சின் போனால் வள்ளம் வெறும் பலகை.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் தம்பி, கடலடிக்குச் சுழியோடும் என் மாமா, ஒரு சாக்குக் கடலட்டையோடு வந்தார். கடலடி மணலில் தடித்த புழுப்போலக் கிடக்கும் உயிர் அது. சீனர்கள் விருந்தில் உண்பார்களாம்.

“உந்த அட்டையையும் மனிசர் தின்னுவினமோ?” என்றார் அப்பா.

“நீங்கள் தின்ன வேண்டாம் அத்தான். வித்தாப் போதும்.”

அம்மா அவற்றைக் கீறி, அவித்து, மணலில் புதைத்து, தோலை உரசிக் கழுவி, மறுபடி அவித்துக் காயப்போட்டார். அந்த மணம் என் பள்ளிக்கூடச் சட்டையில் ஏறி, எனக்கு முன்னமே வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

“டேய் அட்டை! கொம்மா இண்டைக்கு எத்தினை பேரை அவிச்சவ?” என்றான் ஒருவன்.

அதற்குத்தான் மெழுகுதிரி. தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதரிடம், ஒன்றைத் தொலைத்துத் தரும்படி கேட்டிருக்கிறேன். கந்தோர் மாறி, வேறு அதிகாரியிடம் போன மனு.

கொழும்பு வியாபாரி வந்தார். ஓர் அட்டையைத் தரையில் தட்டினார், விறகுபோல் ‘டக்’கென்றது. மூக்கருகே பிடித்தார்.

“எல்லாத்தையும் தாங்க. இன்னும் இருக்கா?”

மாதமுடிவில் எஞ்சினுக்கு வந்த ஆளை அப்பா தவணைக் காசோடு வாசல் படலையிலேயே வழியனுப்பினார். பிறகு, தண்ணீரில்லாமல் ஓட்டினால் பழுதாகும் என்று தெரிந்தும், கரையில் வைத்தே எஞ்சின் கயிற்றை இழுத்தார். அந்த முழக்கம் தெருக்கோடி வரை கேட்டது. கேட்க வேண்டும் என்றுதானே இழுத்தார்! மாமா விசிலடித்தார். அம்மா கூடச் சிரித்தார்.

அடுத்த பருவத்தில் தெருவெல்லாம் அடுப்பு. வகுப்பில் எவன் சட்டை எது என்று மூக்கால் பிரிக்க முடியவில்லை. என்னை அட்டை என்றவனே இப்போது என்னைவிட மணத்தான். உலகத்தை வென்றவன்போல் வீட்டுக்கு ஓடினேன்.

“எணை அம்மா, இப்ப எல்லார் வீட்டிலையும் அட்டைதான்!”

அம்மா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் சொன்னதை நாற்றத்தைப் பற்றிய குறை என்றே நான் அன்று எடுத்துக்கொண்டேன்.

“முந்தித் தெரு முழுக்க இறால். லொறி வரேல்லை. இப்பத் தெரு முழுக்க அட்டை. மணந்தான் மாறியிருக்கு, மோனை.”