பெரியம்மாவுக்குச் சொன்ன நன்றி

அன்றைக்குப் பெரியம்மா வீட்டு முற்றத்தில் இருந்தது ஐந்து பேர். நான், அம்மா, பெரியம்மா, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மா மகன், உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த பெரியம்மாவின் தங்கச்சி. யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இப்போதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. எனக்கு எதிலும் அப்படித்தான். ஆனால் கடைசியாகச் சொன்ன ஆள் மட்டும் வராமலிருந்தால் விஷயம் இம்புட்டு தூரம் போயிருக்காது.

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். போர் மோட்டார் அவர்கள் பக்கம். சாயங்காலம் மோட்டார் போட்டதும் பெரியம்மா சுவருக்கு மேலாகக் கத்துவாள், "ஏய், கொடத்தத் தூக்கிட்டு வாங்கடி." நாலு குடம் பிடிப்போம். அதை விட்டால் தெருமுனைக் குழாய்தான். அங்கே தண்ணீரைவிடச் சண்டைதான் அதிகம் வரும். அந்த மாதம் அப்பா சொந்தக் குழாய்க்கு எழுதிப் போட்டிருந்தார். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியப்பா வீட்டில் மூச்சு விடவில்லை. அளக்க வந்த ஆள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனது எங்களுக்குத் தெரியாது.

நான் அப்போது ஆறாவது. டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். தினமும் நமக்கு நல்லது செய்கிற மூன்று பேரைக் கவனிக்க வேண்டும், அவர்களிடம் வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தால் பட்டறையில் அப்பா கண்ணில் வெல்டிங் பொறி விழுந்துவிடும் என்று நானாக ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டேன். அதனால் அந்த வாரம் ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. நன்றி சொன்னதும் மளிகைக் கடைக்காரர், "என்ன பாப்பா, ஊரக் காலி பண்ணிட்டுப் போறியா?" என்று சிரித்தார். அம்மா, "போடி கிறுக்கி" என்றாள்.

ஆனால் ஆள் தேடித் தேடிக் கண் பழகிவிட்டது. மோட்டார் போட்டதும் முதலில் வருகிற செம்மண் கலங்கலைப் பெரியம்மா தன் குடத்தில் பிடித்துக்கொண்டு, தெளிந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறாள் என்பதை அந்த வாரம்தான் பார்த்தேன். எத்தனை வருசமாக அப்படிச் செய்தாளோ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை இரண்டு பேர்தான் தேறியிருந்தார்கள். குடத்தை இறக்கி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பழகியபடி கைகூப்பி, "தினமும் எங்களுக்குத் தண்ணீர் தருவதற்கு மிக்க நன்றி பெரியம்மா" என்றேன்.

குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தங்கச்சிக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்பறமென்னக்கா, கும்பிடு போட்டு முடிச்சுவிட்டாக. இனிமே சொந்தக் கொழாயில பிடிச்சுக்கிருவாக."

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். "நன்றி சொல்ற அளவுக்கு நான் அசலாளா போயிட்டேனா? பிள்ளைய விட்டுச் சொல்லச் சொல்றியா?" என்றாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, "மோட்டார நிப்பாட்டுடா."

என் குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு நாள் சுவருக்கு மேலே குரல் வரவில்லை. தெருமுனையில் வரிசையில் நின்றோம். வீட்டில் ஒவ்வொரு டம்ளராக அம்மா அளந்து ஊற்றும்போதெல்லாம் என் வாயால்தான் குடும்பமே வறண்டுபோனது என்று நினைத்துக்கொள்வேன். நல்லதுதானே சொன்னோம், அதில் என்ன தப்பு என்றும் தோன்றும். யாரிடமும் கேட்கப் பயம்.

மூன்றாம் நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா வாசலில் போய் நின்றாள். டீச்சர் சொன்னதை விளக்குவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நோட்டைக்கூட எடுத்துப் போயிருந்தேன். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யக்கா, ஒரு இருவது ரூவா இருந்தாக் குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையில்தான் எங்கள் பருப்பு டப்பாவில் ஐம்பது ரூபாய்த் தாளைப் பார்த்திருந்தேன். "டப்பாவுல இருக்கேம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டில் நறுக்கென்று கிள்ளினாள்.

பெரியம்மா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "கேக்குறதுக்கு மூணு நாளாச்சாக்கும்? வாயி என்ன ஒட்டிக்கிட்டா கெடந்துச்சு?" என்று திட்டிக்கொண்டே இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை அம்மா கையில் திணித்தாள். அம்மா நன்றி சொல்லவில்லை. "வாரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு மேலே குரல் வந்தது. "ஏய் நன்றிக்காரி, கொடத்தத் தூக்கிட்டு வாடி!"

அன்றைக்கு நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தை வெறுமனே விட்டேன். அப்பா கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையலுக்குப் போனேன். இன்றைக்கும் மிஷினை மூடுமுன் மூன்று பேரை நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் சொல்வதில்லை. மறுநாள் போய் ஒரு ஊசியோ நூலோ கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முதல் சம்பளத்தில் இருபது ரூபாயை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். கடனாயிற்றே என்று அத்தனை வருசமும் எனக்கு உறுத்தல். அம்மா வாசலிலேயே மறித்துப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை. எங்களுக்குச் சொந்தக் குழாய் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எந்த விசேஷ வீட்டில் பார்த்தாலும் பெரியம்மா அம்மாவைக் கைகாட்டி, "இவ எனக்குப் பணம் தரணும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள்.

இருபது ரூபாய் இன்னும் பாக்கி.