சிம்னிச் சுவரின் பழுப்புக் கறை

புலம்பெயர்ந்து வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்னறையில் பழைய நெருப்பிடம் ஒன்று இருந்தது. முதல் குளிருக்கே சிம்னிக்குள்ளால் காற்று ஊளையிட்டது. நான் சும்மா இருப்பேனா? நாலைந்து வெறும் அரிசிச் சாக்கை உள்ளே திணித்து அடைத்தேன். கீழே நெருப்பு எரிக்கும் குழியில் மனைவி சாமிப் படங்களை வைத்து, ஊரில், போரில் காணாமல் போன தன் தம்பிக்காகத் தினமும் விளக்கேற்றினாள்.

அடுத்த மாரிக் குளிரில் குழிக்கு மேலே சுவரில் பழுப்புக் கறை படர்ந்தது. பெயின்ற் அடித்தேன். இரண்டு கிழமையில் திரும்பவும் வந்தது. மூன்றாம் தரம் வந்தபோது பொறுமை போய்விட்டது. எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம்.

"உம்மட விளக்குப் புகைதான் இது. இனி இதுக்குள்ள கொளுத்த வேண்டாம்."

"தம்பி வாறவரைக்கும் ஒருநாளும் விடமாட்டன் எண்டு நேர்த்தி வச்சனான்," என்றாள்.

நான் கேட்கவில்லை. அவள் படங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கறை மட்டும் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து, இளமையில் கொத்து வேலை செய்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சிம்னிக்குள் கைவிட்டு இழுத்தார். என் அரிசிச் சாக்குகள் ஈரத்தோடும் கரியோடும் சொத்தென்று விழுந்தன. காற்றோட்டம் இல்லாமல் உள்ளே ஈரம் தேங்கி, பழைய நிலக்கரிப் புகையின் கறையைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறது என்றார். விளக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? வெட்கமாக இருந்தது.

பூச்சை உடைக்க உளி தேடித் தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனேன். பெயின்ற் டப்பாக்களுக்கு நடுவே சாமிப் படங்கள். முன்னால் இருந்த விளக்கு இன்னும் சூடாக இருந்தது. கொட்டில் வாசலிலிருந்து பனியில் அவளுடைய சப்பாத்துத் தடங்கள் வீடுவரை போயின. மூன்று மாதமும் அந்தக் குளிரில் அங்கேதான் வந்து கொளுத்தியிருக்கிறாள். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

கல் தெரியும்வரை சுவரைக் கொத்தி, காயவிட்டு, புதிதாகப் பூசினேன். காற்றுப் போக ஒரு துவாரமும் வைத்தேன். படங்களை நானே கொண்டுவந்து குழிக்குள் வைத்தேன்.

"இஞ்சயே கொளுத்தும்," என்றேன்.

"சுவர் கறுக்கும்."

"கறுத்தா பெயின்ற் அடிப்பன்."

"அவன் வாறவரைக்கும் அடிப்பீங்களோ?"

"ஓம், அடிப்பன்," என்றேன்.

இன்றுவரை ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறேன்.