வெள்ளிக்கிழமைக் கடல்

எழுபத்தெட்டு நவம்பர் சூறாவளியில் மின்கம்பங்கள் சாய்ந்து, கல்முனை வெகுநாள் குப்பி விளக்கில் கிடந்தது. அலையிலிருந்து மின்சாரம் எடுக்க ஐரோப்பாவில் முயல்கிறார்கள் என்று சஞ்சிகையொன்றில் வாசித்ததை என் மச்சானிடம் சொன்னது அப்போதுதான். தங்கையின் கணவர், சந்தைக்குப் பின்னால் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்தார். எங்கள் கரையில் கடல் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு முழங்கால் அளவுகூட வராது. அலையை நம்பினால்தான் உண்டு.

அவருக்குச் சவூதி விசா ஏற்பாடாகியிருந்தது. எழுபத்தொன்பது முடிவதற்குள் ஏறவேண்டும்.

"அலையில ஒரு பல்ப் நிண்டு எரிஞ்சா நான் போகமாட்டன் மச்சான். இதையே தொழிலாச் செய்வன்" என்றார்.

தகர பீப்பா ஒன்றைக் கடலில் மிதக்கவிட்டு, அதன் கயிற்றை அடியில் கிடக்கும் கல்லின் வளையத்தினூடாகக் கரைக்குக் கொண்டுவந்தோம். பீப்பா எழும்பும்போது கயிறு இழுபட்டு, கரையில் நட்ட சைக்கிள் சில்லைச் சுழற்றும். சில்லில் உரசும் டைனமோ பல்பை எரிக்கும். ஆனால் அந்தக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் இருந்தார்கள். வலை முதலாளி இடம்கொடுக்கவில்லை.

"கல்லுல மாட்டினா என்ட வலை கிழிஞ்சிரும். வெள்ளிக்கிழமை வலை இறங்காது. அண்டைக்குப் போட்டுப் பாருங்க. ஜும்ஆவுக்கு முதல் கல்லத் தூக்கிரணும்."

சித்திரையிலிருந்து வெள்ளிதோறும் போட்டோம், தூக்கினோம். பல்பின் கம்பி சிவந்தது, அவ்வளவுதான். வலைக்காரர் ஒருவர் பீடியைப் பக்கத்தில் பிடித்தார்.

"எது வெளிச்சம் எண்டு சொல்லுங்க பாப்பம்!"

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்; பிறகு மணலில் சப்பென்று உட்கார்ந்தார்.

"நாம எப்பவும் அலை அடங்கிக் கடல் படுத்த பிறகுதானே கடல் வேலை தொடங்குற? அந்தப் பழக்கத்தில இதையும் தொடங்கிட்டம். இதுக்கு அலையெல்லோ வேணும்!"

அலை வேண்டுமென்றால் வாடைக்காற்று வரவேண்டும். அப்போது தோணி இறங்காது. கல்லை யார் கொண்டுபோய்ப் போடுவது? ஐப்பசியில் பருவம் முடிந்து வலை கரையேறிய அன்றே, வலை திரும்ப இறங்குமுன் தூக்கிவிடுவதாக முதலாளிக்கு வாக்குக் கொடுத்து, கடைசித் தோணியில் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அவர் கடையில் ஒரு மோட்டாரையும் முடிக்கவில்லை. காற்று திரும்பியதா என்று மணிக்கொருதரம் எழுந்து போவார்.

"காக்கா, போறதா நிக்கிறதா எண்டு ஒண்டச் சொல்லச் சொல்லுங்க" என்றாள் தங்கை, மூத்தவனான என்னிடம். "இவர் காத்தப் பாத்துக்கிட்டு இரிக்கார். ஏஜென்ட் இவரப் பாத்துக்கிட்டு இருப்பானா?"

மழையோடு அலை வந்தது. பீப்பாவைத் தூக்கியெறிந்தது, பல்ப் வெள்ளையாக எரிந்து அடுத்த அலையில் கருகியது. இரண்டாவது பல்பும் அப்படியே. மூன்றாவதை மாட்டுவதற்குள் கயிறு அறுந்து, பீப்பா பாண்டிருப்புப் பக்கமாகப் போய்விட்டது.

"எரிஞ்சதுதானே மச்சான்?" என்று கேட்டார்.

"ஓம், எரிஞ்ச."

"நிண்டு எரியல்ல."

அடுத்த வாரம் கொழும்புக்கு வேன் ஏறினார். ஏறும்போது, "கடல் படுத்தா அந்தக் கல்லத் தூக்கிருங்க. முதலாளிக்கு வாக்குக் கொடுத்த" என்றார்.

எண்பது சித்திரையில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தூக்கினேன். வளையத்தில் அறுந்த கயிறு பாசியேறிக் கிடந்தது. இதைக் கரையில் போட்டுவிடவா என்று முதலாளி கேட்டார். நான் தங்கையிடம் கேட்டேன்.

"வீட்டுக்குக் கொண்டுவாங்க காக்கா" என்றாள். "வந்தா முதல்ல அதத்தான் கேப்பார்."