சேனை வைக்க வந்த விரல்

என் பிள்ளைக்கு மூன்று மாதமாகிறது. பார்க்க வருகிறவர்களிடம் கை கழுவச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று ஒரு யோசனை. சொல்லாமல் விட்டால் அன்று முழுவதும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது. இந்தக் குழப்பம் வரும்போதெல்லாம் என் அத்தையை நினைத்துக்கொள்கிறேன்.

அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். என் தம்பி பிறந்தபோது எனக்கு எட்டு வயது. குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பிரசவம் பார்க்க லீவு போட்டு வந்த அத்தை, பிள்ளை பிறந்ததுமே என்னைக் கூப்பிட்டு, அறை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் சிவப்பு சோப்பும் கொடுத்து உட்கார வைத்தார். கை கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. அதுதான் எனக்கு இட்ட வேலை.

அந்த வேலையில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் பக்கத்தில் தீட்டு அறைக்குள் போய்விட்டு வந்தால்தான் கை கால் கழுவுவார்கள். போகும்போதே கழுவச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. ஒருத்தி விரல் நுனியை நனைத்துவிட்டுப் போனாள். கழுவிய கையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போனாள் இன்னொருத்தி. நான் பின்னாலேயே ஓடி இழுத்து வருவேன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அழுகை முட்டும்.

மத்தியானம் பெரியப்பா வந்தார், சேனை வைக்க. பிறந்த பிள்ளையின் நாக்கில் நல்ல குணமுள்ள ஒருவர் விரலால் சீனித் தண்ணீர் தொட்டு வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது வழக்கம். கோபமே வராத மனிதர் என்று பெரியப்பாவுக்கு ஊரெல்லாம் பெயர். ஆனால் அன்று அவருடைய ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகியிருந்தார். என் எதிரில் உட்கார்ந்து பழத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு தடவை சோப்புப் போட்டுப் பொறுமையாகக் கழுவினார். காலையிலிருந்து ஒழுங்காகக் கழுவியவர் அவர் ஒருவர்தான். பெருமையோடு உள்ளே அனுப்பினேன்.

அத்தை கொல்லையில் துணிகளை வேகவைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்தபோது பெரியப்பாவின் விரல் பிள்ளையின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அத்தை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சீழ் வச்ச வெரலுண்ணே. பச்சப்புள்ள தாங்காது. கரண்டில குடுங்க."

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். "கரண்டியோட கொணத்தயா புள்ளைக்கிக் குடுக்கப் போறோம்? மூத்த அண்ணன் கையப் புடிச்சு இழுக்குறியே, இதத்தான் அங்கிட்டுப் படிச்சுக் குடுத்தாகளா?"

நான் வாசலிலிருந்து சொன்னேன்: "பெரியப்பா ரெண்டு தடவ சோப்புப் போட்டாங்க. நான் பாத்தேன்."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அந்த விரல் பட்ட சீனித் தண்ணீரை எடுத்துப் போய்க் கொல்லையில் கொட்டினார். பெரியப்பா மட்டும் அப்போதும் கோபப்படவில்லை. "விடுங்கத்தா" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார். பிறகு அப்பாவும் அத்தையோடு பேசவில்லை. தொப்புள்கொடி விழும்வரை இருந்து பார்த்துக்கொண்டு, அத்தை தனியாக நடந்து போய் பஸ் ஏறினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஒருவரும் கூட வரவில்லை. நானும் போகவில்லை, நான் சரியாகச் செய்த வேலையை அவர் கெடுத்துவிட்டார் என்று எனக்கு வருத்தம்.

பெரியப்பாவின் விரலைப் புதுக்கோட்டைக்குப் போய்க் கீறிவிட வேண்டியிருந்தது. நகம் போயிற்று. அது அத்தை தடுத்த பாவம் என்றார்கள். தம்பி கொழுகொழுவென்று வளர்ந்தான். அவனைத் தூக்கும்போதெல்லாம் பெரியம்மா கேட்பார்: "என்னமோ தாங்காது தாங்காதுன்னாளே, என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே."

ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் அத்தை படித்த படிப்பு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆமாம் பெரியம்மா என்று நானும் தலையாட்டினேன்.