நைலான் புடவைக்குக் காவல்

இன்று இஸ்திரிப் பெட்டி என் பாலியஸ்டர் சட்டைக் கையைச் சுட்டு எழுப்பிய கருகல் வாடையில், பவானிபூரில் இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்றேன். மழைக்காலத்தில் பருத்திப் புடவைகள் வராந்தாக் கொடியில் நாள்கணக்காய்க் காயாமல் புழுங்கிய நாற்றத்தோடு தொங்கும். அதனால் அம்மா நைலானைக் கட்டிக்கொண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிப்பாள்.

டாக்குரியாவிலிருந்து வந்த சித்திதான் எனக்குள் பயத்தைப் பற்ற வைத்தாள். "பருத்தின்னா உதறிப் போட்டுடலாம்க்கா. நைலான் உருகித் தோலோட ஒட்டிக்கும்."

"வெயில் வரட்டும், பருத்தி கட்டறேன்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அவள் சமைக்கும்போதெல்லாம் வாளித் தண்ணீரோடு பின்னால் நின்றேன், அரை டிராயர் போட்ட தீயணைப்புப் படை. ஒரு நண்பகலில் ஸ்டவ் புஸ்ஸென்று சீறியதும், கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் கவிழ்த்தேன். ஸ்டவ், சோறு, அம்மா, எல்லாம் அணைந்தன.

"தீ எங்கடா பிடிச்சுது, கடங்காரா?"

"பிடிச்சிருந்தா?"

அவள் அடிக்கவில்லை. ஈரத்தோடு மொட்டை மாடிக்குப் போய், மேகம் விலகித் தலைகாட்டிய வெயிலில் நின்றாள். இனிப் பருத்திதான் என்று நிம்மதியாகத் தரையைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் அதே நைலானில் இறங்கி வந்தாள்.

"பாத்தியா, அதுக்குள்ள காஞ்சுடுத்து" என்று பெருமையாய்ச் சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தாள்.

நான் வாளியோடு குழாய்க்கு ஓடினேன்.