சுலோசனா சொன்ன சாட்சி

சுலோசனாவைப் பத்திப் பேசினா எனக்குக் கோவம் வரும். அவ மேல இல்ல, மத்த எல்லார் மேலயும். நகரிப் பக்கத்துல எங்க காலனி. ரெண்டு பேரும் ஒரே விசைத்தறிக் கொட்டகையில இருபத்திரெண்டு வருஷமா நூல் சுத்திக்கினு இருக்கோம். சர்டிபிகேட்ல அவ எஸ்.சி. இந்து சுலோசனா, சபையில ஞானஸ்நானம் வாங்கின சாராள். காலனியில எல்லாருக்கும் இதே கதைதான். கிறிஸ்தவன்னு எழுதினா எஸ்.சி. சலுகை போயிடும். டீக்கடையில மத்தவங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்களுக்குக் காகித கப். ஏசுகிட்ட வந்தப்புறமும் அதே கப்புதான். சர்க்கார் கணக்குல மட்டும் நாங்க மாறிட்டமாம்.

போன வருஷம் ஐப்பசி மழையில அவ புருஷன் செங்கல்வராயன் செத்துட்டாரு. எங்க கல்லறைக்குப் போற வண்டிப்பாதையை சுதீர் வேலி போட்டு தன் மாந்தோப்போட சேத்துக்கினான். அவன் கட்சிக்கு மண்டலத் தலைவன், யாரு கேப்பாங்க? இடுப்பளவு ஏரித் தண்ணியில இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கினு போனாங்க. நடுவுல ஒருத்தனுக்குக் கால் வழுக்கி, பெட்டி ஒரு பக்கம் முங்கிடுச்சி. "நைனா நனையறாரு"ன்னு மக அகிலா கத்தினா.

பாதைக்காக சுலோசனா சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு, மனு வாங்கற திங்கட்கிழமை தவறாம நடந்தா. சுதீர் ஆள் விட்டுச் சொன்னான். "இந்துன்னு சர்டிபிகேட் வெச்சிக்கினு கிறிஸ்தவக் கல்லறைக்கு வழி கேக்கறியா? உம்பொண்ணு திருப்பதியில எந்தக் கோட்டாவுல நர்ஸ் ஆனா? ஒரே ஒரு மனு போட்டேன்னா போச்சு." அதோட அவ சித்தூர் போறதை நிறுத்திட்டா.

டிசம்பர்ல செமி கிறிஸ்துமஸ், பண்டிகைக்கு முன்னாடியே சபையில வெக்கற கொண்டாட்டம். பஞ்சாயத்து எலெக்‌ஷன் வேற வரப்போகுது. சுதீர் பெரிய கேக்கோட சபைக்கு வந்துட்டான். பாஸ்டர் ஐயா அவன் தலையில கை வெச்சி, "கர்த்தாவே, இவரை உயர்த்தும்"னு ஜெபம் பண்ணாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிது. அப்புறம் சாட்சி நேரம், கர்த்தர் தனக்குச் செஞ்ச நன்மையை அவங்கவங்க எழுந்து சொல்றது. எங்க சபையில சாட்சி சொல்ல எழுந்தவங்களை பாஸ்டரே ஆனாலும் உக்காருன்னு சொல்ல மாட்டாரு. சுலோசனா முக்காட்டை இழுத்துக்கினு எழுந்தா.

"என் புருஷனை ஏரித் தண்ணியில கொண்டுபோகப் பெலன் குடுத்தீரே, ஸ்தோத்திரம்."

ஜனமும் பழக்கத்துல "ஸ்தோத்திரம்"னுச்சு.

"பாதையை அடைச்ச சுதீர் அண்ணனையே ஜெபம் பண்ணக் கூட்டியாந்தீரே, ஸ்தோத்திரம்."

ரெண்டொருத்தர் மட்டும் "ஸ்தோத்திரம்"னாங்க.

"எம்பொண்ணு வேலையைப் புடுங்கறேன்றாரு. வேலியைப் பிரிக்க அவருக்கு மனசு குடும்."

"ஆமென்." சபை மொத்தமும் சொல்லுச்சி, நானும் தொண்டை கிழியச் சொன்னேன். சுதீர் கேக் கத்தியைப் பிடிச்சிக்கினே நின்னான்.

யாரோ எடுத்த வீடியோ புத்தூர் வரைக்கும் போச்சு. ஓட்டுக்குப் பயந்து மூணாம் நாளே வேலியைப் பிரிச்சான். அடுத்த வாரம் அகிலாவுக்கு நோட்டீஸ், சர்டிபிகேட் விசாரணையாம். கிராம ரெவின்யூ ஆபீசர் வி.ஆர்.ஓ. வீட்டுக்கே வந்து, "நீ இந்துவா, கிறிஸ்டியனா? எழுதிக் குடு"ன்னாரு.

"டீக்கடைக்காரனைக் கேளுங்க சார். நான் யாருன்னு அவன் கரெக்டா சொல்லுவான்"னா சுலோசனா.

அந்த சனிக்கிழமை பாஸ்டர் ஐயா வந்து, "விசாரணை முடியற வரைக்கும் சபைக்கு வராதம்மா, எல்லார் சர்டிபிகேட்டையும் தோண்டுவாங்க"ன்னாரு. தலைமேல கை வெச்சி சுதீரை உயர்த்தச் சொன்ன அதே மனுஷன். அன்னிக்கு ஆமென் சொன்ன ஒரு வாயும் தொறக்கல. என் வாயும்தான். என் பையன் படிக்கறதும் அந்த சர்டிபிகேட்லதான். த்தூ, நான்லாம் ஒரு மனுஷி.

இப்ப அவ ஞாயித்துக்கிழமை பாயை எடுத்துக்கினு, தான் வாங்கிக் குடுத்த பாதையில நடந்து போயி புருஷன் கல்லறைகிட்ட தனியா ஜெபம் பண்றா. செத்தவன் போக வழி விட்டாங்க, உசிரோட இருக்கறவளுக்கு சபைக் கதவைச் சாத்திட்டாங்க.

போன ஞாயிறு நான் சபைக்குப் போகல. என் பாயை அவ பாய் பக்கத்துல போட்டேன்.

"உம்பையன் படிக்கறானேடி"ன்னா.

"நீ சாட்சி சொல்லு, நான் ஸ்தோத்திரம் சொல்றேன்"னேன்.