ஐகானைக் கிளிக் செய்த கை

ஓசூரில் என் மகளுக்கு முதல் வேலை. உலோகம் கடையும் லேத் இயந்திரங்களுக்குப் புரோகிராம் அனுப்பும் லினக்ஸ் கணினி அவள் பொறுப்பு. புரோகிராம்கள் இருக்கும் புதிய ஃபோல்டரின் முகவரியை, கட்டளைகள் தட்டும் டெர்மினல் சாளரத்தில் ஒரு வரியாக எழுதி, அங்கிருந்தே மென்பொருளைத் திறந்து பார்த்தாள். சரியாக வந்தது.

மறுநாள் ஆபரேட்டர் மஞ்சண்ணா வழக்கம்போல் திரையிலிருந்த ஐகானைக் கிளிக் செய்தார். டெர்மினலில் எழுதியது ஐகான் வழியாகத் திறக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. அது பழைய ஃபோல்டரிலிருந்து வேறு அளவு பாகத்துக்கான புரோகிராமை அனுப்பியது. உலோகத்தை வெட்டும் டூல் உடைந்து அவர் ஒரு கண்ணில் தெறித்தது.

அவர் வீட்டார் அடிப்பார்கள் என்று பயந்தபடி மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"லாகின் ஆகறப்பவே கம்ப்யூட்டர் படிக்கிற ஃபைல்ல எழுதியிருக்கணும்ணா, அப்பதான் ஐகானுக்கும் தெரியும்" என்று அழுதாள்.

"வுடும்மா, இன்னொரு கண்ணு இருக்குது" என்றார் மஞ்சண்ணா. பிறகு அவள் கையைப் பிடித்தார். "இப்பவே போயி எழுதிடு. சாயங்கால ஷிஃப்ட்டுக்கு என் தம்பி வர்றான். அவனும் அதைத்தான் கிளிக் பண்ணுவான்."

நேரே தொழிற்சாலைக்கு ஓடினோம். அவள் எழுதினாள், லாக் அவுட் செய்து, மீண்டும் நுழைந்து, ஐகானைக் கிளிக் செய்து பார்த்தாள். இந்த முறை புதிய ஃபோல்டர் வந்தது.

இன்றும் அவள் "எல்லாம் சரியா இருக்குப்பா" என்றால், நான் "எப்படித் திறந்து பாத்தே?" என்று கேட்கிறேன்.